கொழுந்துக் கறை

என் மனைவியின் உள்ளங்கை ரேகைகள் கறுத்ததை முதலில் பார்த்தவன் நான்தான். அது கொழுந்துக் கறை என்று முடிவு கட்டியவனும் நான்தான். அப்போது குன்னூருக்கு மேலே ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பட்டத்தை நானே வாங்கிக்கொண்டேன்.

தேயிலை விலை அடியோடு விழுந்திருந்த காலம். கொழுந்தை விற்றால் பறித்த கூலிக்கே காணாது. பாதிப் பேர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடி ஆளுயரம் தாண்டி மரமாகிக்கொண்டிருந்தது. மாமனார் எழுதிவைத்த ஒரு ஏக்கர் எங்களுக்கும் இருந்தது. விட்டுவிடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

"எங்கப்பன் வெச்ச செடிங்க. காடாப் போறதப் பாத்துட்டு ஊட்டுக்குள்ள உக்காந்திருக்க முடியாதுங்க."

அதுவரை தோட்டத்துப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு போய்வந்தவள், கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கினாள். எங்களிடம் முன்பு கூலிக்குப் பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் துணைக்கு வந்தார். இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர். கூலி வேண்டாம், பறித்ததில் பாதி போதும் என்று பேசிக்கொண்டார். "வாத்தியார் சம்சாரம் கொழுந்து பறிக்கறாங்களாமே" என்று ஆசிரியர் அறையில் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலை வீட்டில்தான் காட்டினேன்.

கொழுந்து பறிக்கிறவர்கள் கை கறுக்கும். சாறு ஏறி விரல் நுனியும் ரேகையும் கறுத்துவிடும்; புளி போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் விடும், மறுநாள் மறுபடி ஏறும். மலையில் இதை யாரும் ஒரு விஷயமாகப் பேசுவதில்லை. ஆகவே அவள் கை கறுத்தபோது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

தை மாதம் பனி விழுந்து செடி கருகியது. ஒன்றரை மாதம் பறிப்பு இல்லை. அந்த அம்மாளின் கை வெளுத்துவிட்டது. என் மனைவியின் கை முன்னைவிடக் கறுத்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். "புதுக் கை தானுங்க சார், கறை ஆழமா இறங்கிடும்" என்றார் அந்த அம்மாள். சரியென்று தலையாட்டிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன்.

பிறகு ஒருநாள் அவள் கொட்டாவி விட்டபோது ஈறிலும் உள்ளுதட்டிலும் கறுப்புத் திட்டுகளைப் பார்த்தேன். துணைக்கு வரும் அம்மாள் வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர். அவரோடு சேர்ந்து இவளும் கற்றுக்கொண்டாள் என்று நினைத்து, வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் அருகில் வந்து வாயை அகலத் திறந்தாள்.

"மோந்து பாருங்க."

மோந்து பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. திறந்த அந்த வாய் இன்னும் மூடவில்லை எனக்கு.

அதற்குள் அவள் பாதியாகிவிட்டாள். சோற்றைக் கண்டால் குமட்டல். சரிவில் ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவாள். எழுந்தால் கண்ணைக் கட்டும். இத்தனைக்கும் நடுவில் உப்புக்கு மட்டும் ஆசை. ஊறுகாய்ச் சாற்றைக் குடிப்பாள். கல் உப்பை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, பறிக்கும்போது ஒன்றிரண்டு கல்லை வாயில் போட்டுக்கொள்வாள். "உப்பு நாக்குல பட்டாத்தாங்க கால் நிக்குது" என்று ஒருமுறை சொன்னாள். என் அம்மா ரத்தக்கொதிப்பில் பக்கவாதம் வந்து இறந்தவர். உப்பு என்றாலே எனக்குப் பயம். மயக்கம் வருகிறது, உப்புத் தின்கிறாள், ஆகவே ரத்தக்கொதிப்பு. ஒரு தடவை கூட ரத்த அழுத்தம் பார்க்காமல் நானே நோயைக் கண்டுபிடித்து, நானே வைத்தியமும் பார்த்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து உதறினேன். உப்பு ஜாடியை அவள் கைக்கு எட்டாத மேல்தட்டில் தூக்கி வைத்தேன். சமைக்கும்போது நானே அளந்து போட்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பைப் பிடுங்கினவனை என்ன செய்யச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

வைகாசியில் கோபியில் ஒரு கல்யாணம், அவள் பக்கத்துச் சொந்தம். மேட்டுப்பாளையத்தில் இறங்கியபோது வெயில் கொளுத்தியது. மலையிலேயே கிடந்த உடம்பு. சேலை நனையும் அளவுக்கு வேர்த்தது அவளுக்கு. பஸ் நிலையத்தில் எலுமிச்சை சோடா வாங்கினேன்.

"உப்புங்களா, சக்கரைங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"உப்பு" என்றாள் அவள்.

"சக்கரை போடுங்க" என்றேன் நான்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாங்கிக் குடித்தாள்.

கல்யாண வீட்டில், "ஊட்டிப் பக்கம் போனா எல்லாரும் கலர் ஏறி வருவாங்க, இவ என்னடி இப்படிக் கறுத்துக் கெடக்கறா" என்று கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு முன்பே வாந்தியும் பேதியும் தொடங்கிவிட்டது. மத்தியானம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நாடி கைக்குக் கிடைக்கவில்லை.

மருத்துவர் சின்னப் பெண். மனைவியின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"இவங்க என்ன வேலை பாக்கறாங்க?"

"கொழுந்து பறிக்கறாங்க. அது கொழுந்துக் கறைங்க."

அவர் உதட்டைக் கீழே இழுத்துப் பார்த்தார். முழங்கையைத் திருப்பினார். குளிர்காலத்தில் அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பு கரிக்கோடாகத் தெரிந்தது.

"இந்தத் தழும்புலயும் கொழுந்துச் சாறு பட்டுதுங்களா சார்?"

அடுத்து, சின்ன வயசில் டி.பி. வந்திருந்ததா என்று கேட்டார். வந்து ஆறியிருந்தது. கடைசியாக, "உப்பு நெறையச் சாப்பிடுவாங்களா?" என்றார்.

"சாப்பிட்டுட்டு இருந்தா. நாந்தான் நிறுத்திட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்த உப்புதான் சார் இவ்வளவு நாள் இவங்களத் தாங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு ஊசி போடத் திரும்பினார்.

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வருடா வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு நான் சொல்லி எழுதவைக்கும் குறிப்பு அது: அட்ரினல் சுரப்பி சிதைந்தால் உடலில் உப்பு தங்காது, உடல் மெலியும், ரத்த அழுத்தம் குறையும், உப்பின் மீது வேட்கை மிகும், தோல் வெண்கல நிறமாகும். ஒரு எழுத்து பிசகாமல் சொல்வேன். வெண்கலம் என்றால் எங்கள் வீட்டு உருளியைப் போலப் பளபளக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.

மருந்து ஏறியது, உப்புநீர் ஏறியது. மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அவள் போய்விட்டாள்.

தோல் ஏன் கறுக்கிறது என்பதை அன்றைய பாடம் சொல்லவில்லை. பல வருடம் கழித்து நானே தேடிப் படித்தேன். மெலனோகார்ட்டின் ஏற்பிகள் என்று ஐந்து இருக்கின்றன. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் வாசல்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று அட்ரினலில் இருக்கிறது. சேதி வந்ததும் சுரப்பி வேலையைத் தொடங்கும். ஒன்று தோலின் நிறச் செல்லில் இருக்கிறது. அது திறந்தால் கறுப்பு ஊறும். வெள்ளைக்காரர் சிலருக்குச் செம்பட்டை முடி வருவதும் அந்த வாசலில் உள்ள கோளாறால்தான். இன்னொன்று மூளைக்குள் பசியை அடக்குகிறது. அவள் சோற்றை வெறுத்ததில் அதற்குப் பங்கு உண்டா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

டி.பி. தின்றுவிட்ட சுரப்பி பதில் சொல்லாது. பிட்யூட்டரி விடாமல் ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கும். பூட்டிய வீட்டுக் கதவை ஓயாமல் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறப்பதில்லையா? அப்படித் திறந்தது அவள் தோல். மாதக்கணக்கில் அவள் உடம்பு கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, உள்ளங்கையில், ஈறில், தழும்பில். கேட்கத் தெரிந்த ஒரே ஆளான நான் அந்த வீட்டில்தான் இருந்தேன்.

உடம்பை மலைக்கே கொண்டுவந்தோம். பெண்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது துணைக்கு வந்த அம்மாள் என்னிடம் வந்தார்.

"சார், கொஞ்சம் புளி குடுங்க. அம்மாவக் கொழுந்துக் கறையோட அனுப்பக் கூடாது."

அது கறையில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. உள்ளே போய்ப் புளியை எடுத்துக் கொடுத்தேன். அவர் மடியில் அந்தக் கையை வைத்து வெகுநேரம் தேய்த்தார். "போக மாட்டேங்குதே சார்" என்று அழுதார். விட்டுவிடச் சொன்னேன்.

பிறகு மறுபடி சமையலறைக்குப் போனேன். மேல்தட்டிலிருந்து ஜாடியை இறக்கி, ஒரு பிடி கல் உப்பை அள்ளிவந்து, அவளுக்குக் கட்டியிருந்த கோடிச் சேலையின் முந்தானையில் வைத்து முடிந்தேன். அது எங்கள் ஊர்ப்பக்கத்து வழக்கம் என்று நினைத்து யாரும் ஏன் என்று கேட்கவில்லை.