ஒருவரும் இருக்காத செற்றி

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் நின்றபடியேதான் கதைக்கிறார்கள். ஆவடிக்குப் பக்கத்தில் அண்ணனூரில், மின்சார ரயில்களை நிறுத்திவைக்கிற கார்ஷெட்டுக்குப் பின்தெருவில், கீழ்வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். தண்ணீர் மோட்டார் போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டு மேல்வீட்டுத் தனம் வருவாள். நானும் ஊரில் செய்வதுபோல "இருங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போவேன். திரும்பி வந்தால் ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே, மறுகால் வெளியே என்று நிற்பாள். கொடுத்ததை நின்றபடியே ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "வேலை கீதுக்கா, வரேன்" என்று போய்விடுவாள். அவளுடைய புருசன் முருகேசன் வந்தாலும் இதே கதைதான். கைகளைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்பான். கதிரையில் ஏதாவது வெடித்துக் குத்துகிறதோ என்று ஒருநாள் தடவிக்கூடப் பார்த்தேன்.

இதிலென்ன பெரிய விசயம் என்று எங்கள் ஊரான சாவகச்சேரியிலிருந்து வாசிக்கிற நீங்கள் கேட்பீர்கள். எங்களைப்போலவே விசாவுக்காகக் கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்து வாடகை வீடுகளில் காத்துக்கிடக்கிறவர்கள் கேட்கமாட்டார்கள். மகள் கனடாவிலிருந்து ஸ்பொன்சர் செய்தாள். இங்கே வந்திருந்தால் அலுவல் கெதியில் முடியும் என்று யாரோ சொன்னதை நம்பி, வீட்டையும் வளவையும் விற்றுவிட்டு வந்தோம். போன தைப்பொங்கல் முடிந்த கையோடு, இல்லை என்று பதில் வந்தது. மகள் போனில் அழுதாள். நானும் அழுதேன். என் கணவர் அழவில்லை. போனை என்னிடம் தந்துவிட்டு உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் படுத்தவர்தான், அதற்குப் பிறகு "ம்", "வேண்டாம்" என்ற இரண்டையும் தவிர அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. திரும்பிப் போக வீடு இல்லை, மேலே போக வழி இல்லை. எனக்கு இருந்தது அந்த மனுசன் ஒருவர்தான். அவரும் கண்முன்னாலேயே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு என் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் யாரென்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் கொடுமை விளங்கும். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். வாயை மூடத் தெரியாத மனுசன். கடை பூட்டியதும் அங்கிருந்த சனம் அப்படியே எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்துவிடும். பிரம்புச் செற்றியில் மூன்று பேர், கதிரைகளில் நான்கு பேர், மிச்சம் பாயில். அரிசி விலையில் தொடங்கி உலக அரசியல்வரை அளப்பார்கள். எனக்கென்றால் எரிச்சலாக வரும். இதுகள் எழும்பிப் போகாதுகளோ என்று குசினிக்குள் சட்டிபானையை உருட்டுவேன். செற்றிப் பிரம்பு வருசத்துக்கொருதரம் பிய்ந்துபோகும், பின்னுகிற ஆளைத் தேடி நான்தான் அலைவேன். ஒருவரும் வராத ஒரு முன்னறை இருந்தால் எவ்வளவு நல்லது என்று அப்போது நினைத்திருக்கிறேன். கிடைத்தது, இங்கே.

ஆவடியில் காட்டிய டாக்டர், மாத்திரையோடு இன்னொன்றும் சொன்னார். நாலு மனுசர் வீட்டுக்கு வந்துபோனால், உட்கார்ந்து பேசினால், அந்தச் சத்தத்துக்கு இவருக்கும் பேச்சு வரும் என்றார். எனக்கு அதுவே வேதவாக்காகிவிட்டது. எங்கள் ஹோலைப் பார்த்தேன். வீட்டுக்காரர் அடித்துவைத்த ரோஸ் பெயின்ற், கண்ணாடி இல்லாத ஷோகேஸ், கால் அகன்றுபோன இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். இதற்குள் எந்த மனுசர் வந்து இருப்பார்? முன்னறை சரியில்லை, அதனால்தான் வருகிறவர்கள் இருக்காமல் போகிறார்கள் என்று முடிவுகட்டினேன். செற்றி ஒன்று வாங்கிப் போட்டால் மனுசனை மீட்டுவிடலாம் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள், அந்த நேரத்தில் வேறெதையும் நம்ப எனக்கு வழியிருக்கவில்லை.

குமணன்சாவடியில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்குத் தனியாகப் போனேன். கல்லாவில் இருந்தவரிடம், "தம்பி, செற்றி பாக்க வேணும்" என்றேன்.

"செட்டியாரா? அவரு கடைய குடுத்துட்டு பூட்டாரும்மா. இப்ப நாந்தான் கீறேன், இன்னா வோணும் சொல்லு" என்றார்.

நான் விரலால் காட்டிய பிறகுதான், சோபா என்று சொல்லக்கூடாதா என்று சிரித்தார். யன்னலுக்குச் சீலை வேண்டும் என்றேன்; புடவைக் கடை எதிர்ப்பக்கம் என்றார். அதற்கு இங்கே ஸ்கிரீன் என்று பெயராம். சாமான் நாளைக்குக் குட்டி யானையில் வந்துவிடும் என்று அவர் சொன்னபோது, கோயில் ஏதும் பக்கத்தில் இருக்கிறதோ என்று யோசித்தபடி பஸ் ஏறினேன். மறுநாள் வந்து நின்றது ஒரு சின்ன வண்டி. தமிழ் பேசுகிற ஊர்தானே, பாசைப் பிரச்சினை வராது என்று புறப்படும்போது எனக்கு ஆறுதல் சொன்னவர்களை அன்றைக்கு நன்றாகத் திட்டினேன்.

செற்றியைப் போட்டதும் ஹோல் நிரம்பிவிட்டது, முன்கதவு பாதிதான் திறந்தது. பரவாயில்லை என்று எல்லாவற்றையும் அதைச் சுற்றியே அடுக்கினேன். ஷோகேசுக்குள் பிளாஸ்டிக் பூக்கள், யன்னலுக்கு நீல ஸ்கிரீன், என் பழைய சேலையை வெட்டித் தைத்த குஷன் உறைகள். அழுக்குப்படாமல் இருக்கட்டும் என்று செற்றியின் பொலித்தீன் உறையை மட்டும் கழற்றவில்லை. கணவரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து காட்டினேன். பார்த்தார். "ம்" என்றார். திரும்பிப் போய்ப் படுத்துவிட்டார். சரி, சனம் வரட்டும் என்று பொறுத்தேன். தனம் வந்தாள். "இருங்கோ" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு ஆசையோடு குசினிக்குள் ஓடினேன். வந்து பார்த்தால் அவள் கதவுக்கும் செற்றிக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு நிற்கிறாள்.

அன்றைக்கு அவள் போனபிறகு அந்தப் பொலித்தீனில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். எங்களை அகதி என்று நினைத்து ஒதுக்குகிறார்களா, எங்கள் வீட்டில் இருந்தால் குறைந்துபோய்விடுவார்களா என்று என் மனம் போகாத இடமெல்லாம் போனது. உள்ளே போய்ப் படுத்திருந்த மனுசனையும் ஏசினேன். "ஒரு சொல்லு கதைச்சால் என்ன? நான் இஞ்சை ஆரோட இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். அதற்குப் பிறகு எனக்கு வெட்கம் போய்விட்டது. மாடிப்படியில் தனத்தை மறித்து, எங்களில் உங்களுக்கு என்ன குறை, ஏன் வீட்டில் இருக்கிறீர்களில்லை என்று நேரேயே கேட்டுவிட்டேன். அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா இப்டி சொல்ற? நீதான எப்ப வந்தாலும் இரு இருன்னுட்டு உள்ள பூட்ற. நீ இருன்ன, நானும் இருந்தேன். வாசல்ல நின்னுகினு, நீ வர்ற வரைக்கும்."

"இருங்கோ எண்டால் இருக்கிறதுதானே?"

"உக்காருன்னு நீ ஒரு நாளும் சொல்லலியேக்கா. புது சோபா, கவரக்கூட பிரிக்கல. எங்க மாமனார் மாமியார்லாம் வெள்ளானூர்ல அடுத்தவங்க வயல்ல வேலை செஞ்சவங்க. எத்தினி ஊட்ல நிக்க வச்சே பேசி அனுப்பிகீறாங்க. நீயும் அப்டிதான்னு நெனச்சிகினோம்."

நான் படியிலேயே இருந்துவிட்டேன். எங்கள் ஊரில் இருங்கோ என்றால் கதிரையில் அமரச் சொல்வது. இவர்களுக்கு அது அப்படியே நின்று காத்திருக்கச் சொல்வது. இத்தனை மாதமாக வந்த ஒவ்வொரு மனுசரையும் என் வாயாலேயே வாசலில் நிற்கவைத்திருக்கிறேன். எங்களை ஒதுக்குகிறார்கள் என்று நான் அழுதுகொண்டிருக்க, தங்களை ஒதுக்குகிறேன் என்று அவர்கள் மேல்வீட்டில் நொந்துகொண்டிருந்திருக்கிறார்கள். தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கட்டாயம் வரவேண்டும் என்று கெஞ்சினேன்.

வந்து பொலித்தீனைக் கிழித்து எறிந்தேன். அந்தச் சொல்லைப் பழகத் தொடங்கினேன். அரிசி களையும்போதும் உடுப்புக் காயப்போடும்போதும் உட்காருங்க, உட்காருங்க என்று சொல்லிப் பார்த்தேன். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, சினிமாவில் கேட்பதோடு சரி. நாக்கு இருங்கோவுக்குத்தான் ஓடியது. இழுத்துப் பிடித்தேன். ஒரு சொல்லில்தானே என் மனுசனின் உயிர் தொங்குகிறது, அதைக்கூடச் சரியாகச் சொல்லமாட்டாயா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஞாயிறு பின்னேரம் வந்தார்கள். "உட்காருங்க" என்றேன். மந்திரம் போட்டமாதிரி இரண்டு பேரும் செற்றியில் அமர்ந்தார்கள். முருகேசன் இவ்வளவு கதைகாரன் என்று எனக்குத் தெரியாது. அம்பத்தூரில் தான் வேலைசெய்யும் கம்பெனியில் பழைய லேத்தைத் தூக்கிவிட்டுப் புது மெசின் போட்டது, அதை ஓட்டத் தெரியாமல் சூப்பர்வைசர் முழித்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். தனம் இடையிடையே அவனை மடக்கினாள். ஹோல் முழுக்க மனுசர் சத்தம். நான் குசினி வாசலில் தட்டோடு நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் கட்டில் முனகியது. அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

கதவுச் சீலையை விலக்கிக்கொண்டு என் கணவர் வந்து நின்றார். சேர்ட் போட்டிருந்தார். தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். முருகேசன் சிரித்தபடி நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டான். எதையாவது சொல்லி அவரை அந்தச் செற்றியில் இருத்திவிடவேண்டும், திரும்பிப் போகவிட்டால் பிறகு வரமாட்டார் என்று பதறிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"உட்காருங்க" என்றேன்.

அவர் செற்றியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். முப்பது வருசத்துக்கு மேலாக நான் அவரை அப்படி ஒருநாளும் அழைத்ததில்லை. தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் நிற்கிறவர்மாதிரி அவருடைய முகம் மாறிப்போயிற்று.

"என்னையோ சொல்லுறீர்?" என்றார்.

அத்தனை மாதத்துக்குப் பிறகு, அந்த "ம்", "வேண்டாம்" இரண்டையும் தாண்டி அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் பதில் சொல்வதற்குள் அவர் உள்ளே திரும்பிவிட்டார், கதவுச் சீலை விழுந்துவிட்டது. முருகேசன் பதறி எழும்பி, தான் ஏதும் தப்பாகப் பேசிவிட்டேனா என்று கேட்டான். அப்படி ஒன்றுமில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்கோ" என்றேன்.

அவன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.