கல்லீரல் என்று எழுதியிருந்த குப்பி

ஆய்வகத்தில் அவளை ‘மேற்கோள் மகாராணி’ என்றுதான் கேலி செய்வார்கள். அவள் மூலக்கூறு உயிரியலாளர். கல்லீரல் செல்களைக் குடுவையில் வளர்த்து, ஈரலில் தழும்பு உண்டாக்கும் ஒரு புரதத்தை அடக்குவது எப்படி என்று பல வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரை எழுதினாள். பிறகு எழுதியவையெல்லாம் சுமார் ரகம். ஆனால் அந்த ஒன்றை மட்டும் ஊர் உலகத்து ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தார்கள். பதவி உயர்வு, தனி அறை, ஜன்னலோர மேசை எல்லாம் அதன் தயவு. காலையில் பல் துலக்கினாளோ இல்லையோ, மேற்கோள் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுவாள்.

அந்தக் கட்டுரையை நம்பி ஒரு மருந்தும் தயாரானது. பெரிய மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். ஈரல் கெட்டுப்போயிருந்த, அவளுடைய அக்காவின் கணவரான அத்தானும் அதில் சேர்ந்தார். பேருந்து ஓட்டுநர். சம்மதம் கேட்ட டாக்டரிடமே, “எங்க வீட்டு விஞ்ஞானி கண்டுபிடிச்சதுங்க. கண்ணை மூடிட்டு முழுங்குவேன்” என்று பீற்றிக்கொண்டார்.

மழைக்காலத்தில் அவள் வேறொரு கட்டுரை அனுப்பியபோது, செல்களுக்கு டி.என்.ஏ. அடையாளச் சோதனை செய்தீர்களா என்று ஆய்வுப் பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். இப்போதெல்லாம் எல்லாரிடமும் கேட்பதுதான். ஆய்வக உதவியாளர் ஒரு குப்பியை அனுப்பிவைத்தார். முடிவு வந்த அன்று உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“மேடம், இது கல்லீரல் இல்லையாம். சிறுநீரக செல்லாம்.”

“குப்பி மாறியிருக்கும்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டாவது தடவையும் அனுப்பிப் பாத்துட்டேன் மேடம்.”

அவள் குப்பியின் தேதியைப் பார்த்தாள். இந்தக் குப்பி சமீபத்தியது. இடையில் எப்போதோ வேறு செல் கலந்திருக்கலாம். கட்டுரை எழுதிய காலத்துக் குப்பி திரவ நைட்ரஜன் தொட்டியின் அடித்தட்டில் உறைந்து கிடந்தது. தடித்த கையுறை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தாள். வெள்ளைப் புகை முழங்கைவரை ஏறியது. ‘கல்லீரல்’ என்று அவள் கையெழுத்திலேயே ஒட்டியிருந்த சீட்டு. இப்படியே மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளை இன்னும் பயமுறுத்தியது. குப்பியைச் சோதனைக்கு அனுப்பினாள்.

முடிவுக்குக் காத்திருந்த நாட்களில், போனில் அக்கா பெயர் வந்தால் பல முறை அடித்த பிறகே எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனாள். சாப்பிட்டு முடித்ததும் அத்தான் மாத்திரையைப் பிரித்து, “இந்தா, விஞ்ஞானி பேரைச் சொல்லி ஒண்ணு” என்று வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் மஞ்சள் கூடியிருக்கிறதா, விளக்கு வெளிச்சமா என்று அவளுக்குப் புரியவில்லை. வேண்டாம் அத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“என்னடி பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?” என்றாள் அக்கா.

“வேலை ஜாஸ்திக்கா.”

பழைய குப்பியிலும் சிறுநீரக செல்தான். ஆரம்பத்திலிருந்தே அதுதான். உலகமே நம்பிய ஈரல் அந்தக் குடுவையில் ஒருநாளும் இருந்ததில்லை.

அவள் விஷயத்தைச் சொன்னதும் துறைத் தலைவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அவசரப்படாதீங்கம்மா. நம்ம துறையைத் தரம் பாக்கப் பெரிய குழு வர்ற நேரம். அது முடியட்டும். அந்த மருந்துக்கு வேற ஆதாரமும் இருக்குமில்ல?”

இருக்கலாம். அவளும் அதைத்தான் மனதுக்குள் ஜெபம் போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோது அது சகிக்கவில்லை. வராந்தாவில் நின்றபடியே மருத்துவமனைக்குப் போன் செய்தாள். எண்ணைத் தப்பாக அழுத்தி, திரும்ப அழுத்தினாள். சோதனையை நடத்தும் டாக்டர் முழுவதும் கேட்டுக்கொண்டு, மருந்தை அன்றே நிறுத்துவதாகச் சொன்னார். பிறகு அந்தப் பழைய கட்டுரை வந்த பத்திரிகைக்கு எழுதி அதைத் திரும்பப் பெற்றாள்.

அக்கா வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னாள். அத்தான் மீதியிருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், “அப்ப இத்தனை நாளா நான் முழுங்கினது?” என்றார்.

“தெரியல அத்தான். கெடுதல் பண்ணுச்சா, நல்லது பண்ணுச்சா, ஒண்ணுமே பண்ணலியா, எனக்கே தெரியல.”

“தெரியாமத்தான் வீட்டு மனுஷனுக்குக் குடுத்தியா?” அக்கா கத்தினாள். “அன்னிக்கி அவர் முழுங்கறப்ப இங்கயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தியே!”

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அன்றோடு அக்கா அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். துறையில் யாரும் இப்போது கேலி செய்வதில்லை. திரும்பப் பெற்ற கட்டுரையையே இன்னமும் சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதி எச்சரிக்கிறாள். பாதிப்பேர் பதில் போடுவதில்லை. அவர்களை நம்பி வேறு யார் எதை விழுங்குகிறார்களோ என்று நினைத்து மறுபடியும் எழுதுகிறாள்.

பல மாதங்கள் கழித்து, அத்தானின் ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியவரும் நாளில், யாரும் கூப்பிடாமலே மருத்துவமனைக்குப் போனாள். நீண்ட பெஞ்சின் ஒரு கோடியில் அக்கா, மறு கோடியில் அவள். நடுவில் அத்தான் தூங்குவதுபோல் கண்மூடியிருந்தார். நர்ஸ் வந்து கூப்பிட்டதும் அக்காவும் அத்தானும் எழுந்து கதவை நோக்கி நடந்தார்கள். கதவருகே அக்கா மட்டும் நின்று, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“நீயும் வா. அவங்க சொல்றது எனக்குப் புரியாது.”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். எழுந்து அக்காவின் பின்னால் உள்ளே போனாள்.