அரக்கன் வகுப்பை எடுத்தவள்

ஐஸாதா என்ற மாணவி, பையன்கள் 'அரக்கன்' என்று பட்டம் வைத்த பேராசிரியர் குவாபரா முன்னால் நெற்றி தரையில் பட விழுந்து அழுதுதான் பாஸ் வாங்கினாள் என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பேச்சு. கேன்டீனில் நூடுல்ஸ் போடும் என் காதுக்கு வராத பேச்சு கிடையாது. பாதியை நானே சூடாக்கி அனுப்புவேன். ஆனால் இது என் கவுன்டருக்கு முன்னால் ஆரம்பித்த விஷயம். அதனால் உள்ளதைச் சொல்கிறேன். உப்பு மட்டும் என் கைப்பக்குவம்.

ஐஸாதா கிர்கிஸ்தான்காரி. அங்கே ஓஷ் நகரச் சந்தையில் அம்மாவோடு துணி விற்றவள். வந்த புதிதில் அரைகுறை ஜப்பானியத்தில் சாப்பாட்டு வரிசையையே நிறுத்தி, என் மூட்டுவலி வரைக்கும் விசாரித்தாள். பின்னால் நின்றவர்கள் நெளிந்தார்கள். எனக்கு அன்றே அவளைப் பிடித்துவிட்டது.

முதல் பருவத்தில் அவளுக்குப் பாடம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் சீனியர் தொமோயா. எந்த வகுப்பில் தூங்கலாம் என்பது அவனுக்கு அத்துப்படி.

"முந்நூறு பேர் உக்கார்ற கிளாஸா எடு. கடைசியில ஒரே பரீட்சை. பக்கம் பக்கமா எழுதித் தள்ளினா போதும்," என்றான்.

எங்கள் பையன்கள் சின்ன வயதிலிருந்து ஜப்பானிய எழுத்தை எழுதிப் பழகியவர்கள், தள்ளுவார்கள். இவள் ஒரு எழுத்துக்கு எத்தனை கோடு என்று யோசிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. சுலபமான பாடங்களில் பாதி ஃபெயில். அடுத்த பருவமும் இப்படியென்றால் உதவித்தொகை நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள். அது நின்றால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அக்டோபரில் மறுபடி பாடம் பதிவு செய்யும் வாரம். ஐஸாதா என் முன்னால் வந்து நின்று போனில் பாடப் பட்டியலைத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தொமோயா.

"திங்கக்கிழமை காலைல குவாபரா சார் கிளாஸ். மீனவ ஊர்களோட வரலாறு," என்றாள்.

தொமோயாவுக்குப் புரையேறியது. "அரக்கனா? லூசா நீ? வாரா வாரம் ஒவ்வொருத்தரையா எழுப்பிக் கேள்வி கேப்பாரு. எல்லார் முன்னாடியும் பேசணும்!"

"மார்க்கு?"

"பேசறதுக்குத்தான் பாதி மார்க்கு. அதனாலதான் ஒருத்தனும் அந்தப் பக்கம் போறதில்ல."

"தப்பாச் சொன்னா?"

"விடமாட்டாரு. திரும்பத் திரும்பக் கேப்பாரு."

"திரும்பக் கேட்டா நல்லதுதானே அண்ணா? திரும்பச் சொல்லலாம். உங்க பரீட்சைத் தாள் கேக்குமா?"

தொமோயா என்னைப் பார்த்தான். நான் குழம்பைப் பார்த்தேன்.

"ஊருக்குப் போற பிளேன்ல ஜன்னல் சீட்டாக் கேளு," என்றான்.

"பதிவு பட்டனை அமுக்கிட்டேன்," என்றாள் அவள்.

குளிர்காலம் முழுக்கத் திங்கள்தோறும் பனியில் நனைந்த காலணியோடு போனாள். மீனவர்கள் ஏன் ஒரே வியாபாரிக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள் என்று அரக்கன் கேட்ட அன்று மற்றவர்கள் மேஜையைப் பார்க்க, இவள் எழுந்து, முன்பணம் கொடுத்து வாயைக் கட்டும் சந்தை வித்தையைப் புட்டுப் புட்டு வைத்தாளாம். அவர் அவளுடைய இலக்கணத்தைத் திருத்தத் திருத்த, இவள் திருத்திச் சொல்லிக்கொண்டே போனாளாம். ஆனால் மீதி மார்க்குக்கு எழுத வேண்டிய கட்டுரையில் பழையபடி தடுக்கி விழுந்தாள்.

பிப்ரவரியில் முடிவு வந்தது. பாஸுக்கு அறுபது. இவளுக்கும் சரியாக அறுபது. அந்தப் பாடத்தோடு உதவித்தொகையும் தப்பியது. ஊர்ப்பேச்சைச் சொல்லி, அழுதது நிஜமா என்று நேராகவே கேட்டேன்.

"நானா? அழுதுதான் வாங்கறதுன்னா, அறுபதுக்கா மாமா அழுவேன்? தொண்ணூறு கேட்டிருப்பேன்!"