கெவ்வுக்குக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

என் தங்கை நரெலுக்கு அடுத்தவர் தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. சின்ன வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அம்மா எனக்கு மட்டும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் காலையில் நரெல் இரண்டு கன்னத்திலும் காலுறையை வைத்துத் துண்டால் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாள். அம்மா சிரித்த சிரிப்பில் அவளுக்கும் ஐஸ்கிரீம் கிடைத்தது. அன்றிலிருந்து அவள் மாறவே இல்லை.

வேலை முதியோர் இல்லத்துச் சலவை அறையில். புருஷன் கெவ், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவன். ரயிலும் மெதுவாகத்தான் போகும், அவன் பேச்சும் அப்படித்தான். பிள்ளை குட்டி இல்லை. நரெலுக்கு இருந்தது ஒன்றே ஒன்று, டல்லரா எஃப்.எம்.மில் ஞாயிறு காலை நிகழ்ச்சி. எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு அரசாங்கமும் படியளக்கவில்லை, பெரிய கம்பெனியும் படியளக்கவில்லை. கேட்கிறவர்கள் வருஷா வருஷம் சந்தா கட்டுகிறார்கள், அதில் ஓடுகிறது. சந்தா கட்டியவர்கள்தான் ஓட்டுப் போட்டு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை யாருக்குப் பிறந்தநாள், யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு என்ன பாட்டு வேண்டும், எல்லாம் நரெல் வாயால்தான் ஊருக்குத் தெரியும். அவள் சொல்லாவிட்டால் குழந்தை பிறந்ததாகவே கணக்கில்லை. கெவ் அவளைக் காரில் கூட்டிப்போவான், பொத்தான்களை அமுக்குவான், டீ போடுவான். மைக்கில் வாயைத் திறந்தது கிடையாது.

அப்புறம் கோரலி வந்தாள். பிரிஸ்பேனில் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர் வெயிலில் நாங்கள் உப்பிப் போய்க் கிடப்போம், கோரலியின் வெள்ளைச் சட்டையில் மடிப்புக்கூடக் கலையாது. வந்த சூட்டில் குழுவில் சேர்ந்தாள், தலைவியும் ஆனாள். புயலில் விழுந்த ஸ்டேஷனின் ரேடியோ கோபுரத்துக்கு நன்கொடை திரட்டினார்கள். நரெல் நிகழ்ச்சியில்தான் அதிகம் சேர்ந்தது. பேப்பரில் வந்த படம் கோரலியுடையது.

நரெல் அந்தப் பேப்பரை என் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

"பாரு கிளெம். கோபுரத்தை இவளே தோள்ல தூக்கி நிறுத்தின மாதிரி நிக்குறா."

"நல்லாத்தான் இருக்கா படத்துல."

"நீயுமா? போ, போய் அவளுக்கே அண்ணனா இரு. அவ பதவிக்காலம் முடியுது தெரியுமா? அந்த எடத்துக்கு நான் நிக்கப்போறேன்."

"குழுவுல உக்காந்து என்ன பண்ணுவே? கணக்கு வழக்கு, சட்டதிட்டம்னு கொட்டாவிதான் வரும்."

"கொட்டாவி விட்டுக்கிறேன். அவ உக்காந்த நாற்காலியில உக்காந்து விடுறேன்."

வேட்புமனு கொடுத்த பிறகுதான் விதியை நினைவுபடுத்தினார்கள். தேர்தலில் நிற்பவர், ஓட்டு எண்ணி முடிக்கும் வரை மைக் பக்கம் வரக்கூடாது. தன் நிகழ்ச்சியிலேயே ஓட்டுக் கேட்டால் மற்றவர் என்ன செய்வார்? அதனால் அந்த விதி. வேட்பாளர் கூட்டத்தன்று மட்டும் ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசலாம். மறுபடி நிற்கிற கோரலிக்கு நிகழ்ச்சியே கிடையாது, அவளுக்கு நஷ்டமில்லை. நரெலுக்குப் பதிலாக யாராவது உட்கார வேண்டும்.

நல்லாப் பேசுகிற இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். நரெல் கெவ்வைச் சொன்னாள்.

"அவனா? பேசவே மாட்டானே," என்றேன்.

"அதுக்குத்தான்." காதருகில் வந்து சொன்னாள். "ரெண்டே வாரம். ஊரே 'ஐயோ நரெல் எங்கே'ன்னு அழும். அப்படியே ஓட்டா விழும்."

முதல் ஞாயிறு என் சமையலறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் கேட்டோம். கெவ் மைக்கைத் திறந்தான். சத்தமே இல்லை. நரெல் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் தொண்டையைச் செருமினான்.

"நான் கெவ். நரெல் இல்ல. உங்களுக்கும் கஷ்டம்தான், எனக்கும் கஷ்டம்தான்."

ஒரு பாட்டைப் போட்டான். பாதியில் நிறுத்தினான். "இது நீங்க கேட்ட பாட்டு இல்ல. தப்பாப் போட்டுட்டேன்." கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆனா நல்லாருக்குல்ல? ஓடட்டும்."

பிறந்தநாள் வாழ்த்து சொல்லும்போது ஒவ்வொரு பேருக்கும் நின்றான். "எல்சி அம்மாவுக்கு இன்னிக்குப் பிறந்தநாள். நான் ரயில் ஓட்டுறப்ப அவங்க வீட்டுப் பின்பக்கம் துணி காயும். நான் வர்ற சத்தம் கேட்டு நீலப் போர்வையை ஆட்டுவாங்க." அவ்வளவுதான் சொன்னான். பாட்டைப் போட்டான்.

நரெல் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

அடுத்த வாரம் பேக்கரியில் வரிசையில் நின்றபோது, கடைக்காரி நரெலின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். "உன் வீட்டுக்காரரை இத்தன வருஷமா எங்கே ஒளிச்சு வச்சிருந்தே? அவர் குரலைக் கேட்டா எனக்கு முட்டிவலியே போயிடுது." முதியோர் இல்லத்தில் அதைவிட மோசம். கிழவிகள் படுக்கை விரிப்பைக் கொடுக்கும்போது கெவ்வுக்குச் சேதி கொடுத்தனுப்பினார்கள். ஒருத்தி லாமிங்டன் கேக் செய்து கொடுத்தாள். நரெலுக்கு இத்தனை வருஷத்தில் கேக் வந்ததில்லை.

"கெவ், அந்தக் கேக்கைத் தொட்டே..."

"ஏன், கெட்டுப்போச்சா?"

"எனக்கு எவளாவது கேக் கொடுத்தாளா?"

"உனக்குத்தான் தேங்காய்த் துருவல் புடிக்காதே."

"அது அவளுங்களுக்குத் தெரியாதுல்ல!"

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் என் மகள் ஷெல்லிக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, பிப்பா. என் முதல் பேத்தி. மூக்கு என்னுடையது, அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவள் கொட்டாவி விட்டால் நான் போய் அடுத்த அறையில் இருப்பவர்களைக் கூட்டி வருவேன், அவர்களும் பார்க்கட்டும் என்று. நர்சுகளே என்னைக் கண்டால் ஒளிந்தார்கள்.

நரெல் பூவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். குழந்தையை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டு ஆடினாள். அப்புறம் என்னை வராந்தாவுக்கு இழுத்தாள்.

"கிளெம், சேதியை வெளியே விடாதே. ஓட்டு முடியட்டும். நான்தான் சொல்லணும்."

"ஆலைத் தெரு முழுக்கத் தெரியும் நரெல். நானே ஜன்னலைத் திறந்து கத்தினேன்."

"தெரியறது வேற, ரேடியோல சொல்றது வேற. ஊர்ல பொறந்த அத்தன குழந்தைக்கும் நான் சொன்னேன். என் அண்ணன் பேத்திக்கு நான் சொல்லக் கூடாதா?"

"சரி, கெவ்கிட்ட சொல்லிப் பாரு."

சொல்லியிருக்கிறாள். கெவ்வும் சரி என்றிருக்கிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தவர்கள் எல்லாரும் அதையே கேட்டார்கள். கிளெம் வீட்டுக் குழந்தை எப்படி இருக்கு, பேர் என்ன? கடைசியில் அவனால் முடியவில்லை.

"பிப்பான்னு பேரு," என்றான். அப்புறம் மைக் திறந்தே இருந்தது. மூச்சு மட்டும் கேட்டது. "நேத்து கையில கொடுத்தாங்க. எங்களுக்குக் குழந்தை இல்ல, அதனால எப்படிப் பிடிக்கணும்னு எனக்குத் தெரியல. நரெல்தான் என் முழங்கைய மடக்கி வச்சா." மறுபடி மூச்சு. "பாட்டுப் போடுறேன்."

நான் அழுதேன். ஷெல்லி ஆஸ்பத்திரியில் அழுதாள். பேக்கரிக்காரி கதவைச் சாத்திவிட்டு அழுதாளாம். நரெல் மட்டும் என் ரேடியோவை அணைத்தாள். வீட்டுக்குப் போய்ப் போர்வை தலையணையைக் காருக்குள் அள்ளிப் போட்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

சாயங்காலம் கெவ் வாசலில் வந்து நின்றான்.

"நீதானே என்னை உக்கார வச்சே."

"உக்காரத்தான் சொன்னேன்! பேசச் சொன்னேனா?"

"போன் பண்ணாங்க நரெல்."

"ஏன் பண்ணாங்க? எனக்குப் பண்றப்ப பாட்டு மட்டும் கேப்பாங்க, வச்சிடுவாங்க. உன்கிட்ட முட்டிவலி சொல்றாங்க, நாய் தொலைஞ்சதைச் சொல்றாங்க. என்ன மருந்து வச்சிருக்கே?"

கெவ் தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றான். "நான் பதில் சொல்ல லேட்டாகும். அதுக்குள்ள அவங்களே இன்னும் கொஞ்சம் சொல்லிடுறாங்க."

அந்த வாரமே ஒரு மனு கிளம்பியது. தேர்தல் முடிந்த பிறகும் ஞாயிறு கெவ்விடமே இருக்கட்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். என்னிடமும் வந்தார்கள். நான் குழந்தைக்கு டயபர் மாற்ற வேண்டும் என்று ஓடிவிட்டேன். நரெல் முகம் செத்துவிட்டது. நாற்காலிக்கு ஆசைப்பட்டுப் போனாள், காலுக்குக் கீழே இருந்த பாயை உருவுகிறார்கள்.

வேட்பாளர் கூட்டம் பழைய வெண்ணெய்த் தொழிற்சாலைக் கட்டிடத்தில் நடந்தது. ஸ்டேஷன் அங்கேதான். மின்விசிறிக்குக் கீழே சந்தாதாரர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ரேடியோவிலும் நேரடியாகப் போனது. பொத்தான் பலகையில் கெவ். கோரலி முதலில் பேசினாள். கோபுரம், காப்பீடு, ஐந்தாண்டுத் திட்டம். கச்சிதமாக இரண்டு நிமிஷத்தில் முடித்தாள்.

நரெல் எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தாள். கெவ் விரலை அசைத்தான், மைக் திறந்துவிட்டது என்று. அவள் காகிதத்தை மடித்துவிட்டாள்.

"கிளெம் வீட்டுல பிப்பா பொறந்திருக்கா. மூணு கிலோ அறுநூறு. கெவ் எடையே சொல்லல." கூட்டத்தில் சிரிப்பு. "எனக்கு இந்த நாற்காலி வேண்டாங்க. கோரலி படம் பேப்பர்ல வந்ததுன்னு வயிறு எரிஞ்சு நின்னேன். கெவ் வாயில்லாதவன்னு நெனச்சு என் எடத்துல உக்கார வச்சேன். இப்ப அவன் மேல வயிறு எரியுது. ரெண்டு வாரமா ரேடியோவுல என் புருஷன் என் ஞாயித்துக்கிழமைய எடுத்துட்டுப் போறான். நான் வெலகிக்கிறேன். கோரலிக்கே கொடுங்க. எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும்."

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கோரலிதான் முதலில் கை தட்டினாள். வெளியே வந்தபோது நரெலைத் தனியாகப் பிடித்தாள்.

"விலகினா விதி முடிஞ்சுது. இந்த ஞாயிறே நீங்க உக்காரலாம். கையெழுத்து மனு என் கையில இருக்கு, குழுவுல நான் பேசிக்கிறேன்." சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டாள். "என்னை யாரும் ரேடியோவுல தேடினதில்ல. அது தெரியுமா உங்களுக்கு?"

நரெல் காரில் வரும்போது என்னிடம் சொன்னாள், "பாரு, கடைசி வார்த்தையும் அவளே சொல்லிட்டுப் போறா."

ஞாயிற்றுக்கிழமை நான் பிப்பாவை மடியில் போட்டுக்கொண்டு ரேடியோவைத் திருப்பினேன். நரெல் குரல் கணீரென்று வந்தது. பிறந்தநாள்கள் சொன்னாள், பாட்டுப் போட்டாள், தப்பில்லாமல். முதல் போன் வந்தது.

"நரெல், வந்துட்டியா, சந்தோஷம். கெவ் எங்கே?"

"டீ போடுறான்."

இரண்டாவது போன். "கெவ் இருக்காரா?"

"வாயில கேக் இருக்கு. பேச முடியாது."

அடுத்ததும் அதே கேள்விதான். மைக் திறந்தே இருந்தது, ஏதோ நாற்காலி தரையில் தேய்கிற சத்தம். நரெல் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது.

"வா, உக்காரு. ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டுதான், கெவ். எல்சி அம்மா போர்வைக் கதையெல்லாம் வேண்டாம்."

நாற்காலி மறுபடி தேய்ந்தது, கெவ் உட்கார்ந்தான். அவன் பதிலுக்காக ஊரே காத்திருந்தது. நரெலும்தான்.