நாளைக்குச் சொல்லுங்க, அண்ணா

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன், எழுத்துப்பிழைகளும் இருக்கும். பெரியவர்கள் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

நான் சொல்லப்போவது தி.நகரில் ஒரு துணிக்கடையில் நடந்தது. நாலைந்து வருடம் இருக்கும். அதற்கு முன்னால் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் இருந்தேன். அங்கே வேலை போன பிறகு நிறைய இடங்களுக்கு அலைந்தேன். யாராவது எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சொல்கிறோம் என்பார்கள்.

இந்தக் கடையின் மேனேஜர் ஒரு பெண். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். ஆட்களை எப்படி எடுப்பது, எப்படி நடத்துவது என்று புத்தகம் புத்தகமாகப் படிப்பார். சாப்பிடும்போதும் போனில் அதைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருப்பார். படித்ததை மறுநாளே எங்களிடம் செய்து பார்ப்பார். என்னையும் கேள்வி கேட்டார். பதில் வரவில்லை. உடனே எழுந்து, "வாங்கண்ணா, கீழ ஒரு வேலை இருக்கு, கூட ஒரு கை பிடிங்க" என்றார். இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து ஒரு துணி பண்டலை குடோனில் இறக்கினோம். தூண் வந்த இடத்தில் அவர் கை இடிபடாமல் நான் என் பக்கம் திருப்பிக்கொண்டேன். "நாளைக்கே வந்துடுங்க" என்றார்.

தினமும் ஷட்டர் தூக்குவதற்கு முன்னால் லிஃப்ட் பக்கத்தில் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு வார்த்தை பேச வேண்டும். நல்லதோ குறையோ, எதுவானாலும் சரி. என் முறை வந்தால், "ஒண்ணுமில்ல மேடம்" என்பேன். ஆல்டரேஷன் தைக்கும் பாய் பக்கத்தில் நின்று, "இன்னா நைனா, உன் வாய்க்கு இன்னிக்கும் லீவா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மேடம் மட்டும், "பரவால்லண்ணா, நாளைக்குச் சொல்லுங்க" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் குடோனுக்குள் தண்ணீர் கசிந்தது. கீழே இருந்த சேலை பண்டல்களை எல்லாம் நான் மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டேன். மறுநாள் வட்டத்தில் மேடம் என்னை நடுவில் கூப்பிட்டு நிறுத்தி, என்னைப் பற்றி நன்றாகப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. சாயங்காலம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனவன், அடுத்த நாள் போகவில்லை.

"இன்னாயா, வேலைக்குப் போலயா?" என்றாள் என் வீட்டுக்காரி.

"தூக்கிட்டாங்க."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. கை தட்டுனாங்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

மூன்றாம் நாள் மேடமே மந்தைவெளிக்கு வந்துவிட்டார். எங்கள் சந்துக்குள் வண்டி வராது, சேற்றில் நடந்து வந்திருந்தார். ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பட்டறையில் முதலாளி ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரே ஒருநாள் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, இவனைப் போல ஆள் கிடைக்காது என்றார். சால்வை போட்டார். நாளையிலிருந்து வேலை இல்லை என்றார்.

"அனுப்புறப்பதானே மேடம் அப்படிப் பேசுவாங்க?"

அவர் சேறு ஒட்டிய செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பிறகு, "புத்தகத்துல இதை யாரும் எழுதலையேண்ணா" என்றார். என் வீட்டுக்காரி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "நான்தான் தப்பா செஞ்சுட்டேன். நாளைக்கு வாங்க" என்று சொல்லிப் போனார்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை என்னை டீக்கடை வரைக்கும் கூட்டிப்போவார். பக்கத்துப் பக்கத்தில் நடப்போம். என் முகத்தைப் பார்க்க மாட்டார், ரோட்டைத்தான் பார்ப்பார். அப்படி நடக்கும்போது எனக்குப் பேச்சு வந்தது. குடோனில் வெளிச்சம் போதவில்லை என்றேன், டியூப்லைட் வந்தது. என் மகள் படிப்பைப் பற்றிச் சொன்னேன். என் வீட்டில்கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

பிறகு அவரைக் கோயமுத்தூர் கடைக்கு மாற்றினார்கள். கடைசி நாளும் வட்டமாக நின்றோம். நான் பஸ்ஸில் வரும்போதே ஒரு வார்த்தையைத் தயார் பண்ணி, வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். என் முறை வந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். தொண்டைக்கு மேல் வரவில்லை. பாய் அன்றைக்குக் கிண்டல் பண்ணவில்லை, கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டே நின்றார்.

"பரவால்லண்ணா, நாளைக்குச் சொல்லுங்க" என்றார் மேடம். தினமும் சொல்கிற பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போல. சட்டென்று அடுத்த ஆளைப் பார்த்தார்.

இப்போது வட்டம் கிடையாது. புது மேனேஜர் எல்லாவற்றையும் போனில் அனுப்புகிறார். கெட்டவர் இல்லை, நேரம் இல்லாதவர். போன வாரம் வேலை கேட்டு ஒருவர் வந்தார். என்னைப் போலவே பதில் சொல்லத் தெரியாமல் விழித்துவிட்டு, படியிறங்கிப் போனார். மேடம் இருந்திருந்தால் பண்டலின் மறுமுனையை அவர் கையில் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன். இன்னமும் காலையில் ஷட்டர் தூக்கும் முன்னால் நான் லிஃப்ட் பக்கத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பாயும் வந்து நிற்பார். இரண்டு பேர் நின்றால் வட்டம் ஆகாது. ஒன்றும் பேசாமல் அவரவர் வேலைக்குப் போய்விடுவோம்.

அன்றைக்குத் தொண்டையில் நின்றது இதுதான்: மேடம், நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

'நாளைக்கு' என்று சொன்னீர்களே, அந்த நாள் எனக்கு இதை எழுதுகிற இன்றுதான் வந்தது.

பொங்கல் கூட்டம் ஓய்ந்து கடையில் விடுமுறை கொடுத்த முதல் புதன்கிழமை, தை மாதம்.