தள்ளாடும் ட்ரோன்களும் என் கட்டைவிரலும்

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் கடையைத் திறக்கவே எனக்கு வெறுப்பாக இருக்கும். ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பத்துக்குப் பத்தில் ஒரு கடை. முன்பு செல்போன் மட்டும் பழுது பார்த்தேன். இப்போது வருகிறவற்றில் முக்கால்வாசி, கல்யாண வீடியோ எடுக்கிறவர்களின் ட்ரோன்கள்தான். அந்த வாரம் வருகிற ஒவ்வொன்றும் சந்தனத்தையும் குங்குமத்தையும் திருநீற்றையும் அப்பிக்கொண்டு வரும். எல்லோருக்கும் ஒரே புகார். ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறதாம்.

எப்படி நிற்கும்? ட்ரோனின் வயிற்றில் இரண்டு பொடிக் கேமராக்கள் இருக்கின்றன. தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் அது தான் நகர்கிறோமா நிற்கிறோமா என்று தெரிந்துகொள்கிறது. பக்கத்திலேயே உயரம் அளக்கிற இரண்டு வட்டமான சென்சார்கள். மல்லாத்திப் பார்த்தால், பொட்டு வைப்பதற்கென்றே குழித்து அனுப்பியதுபோல இருக்கும். நம் ஆட்கள் விடுவார்களா? சந்தனத்தைக் குழைத்து நான்கு குழியிலும் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிடுவார்கள். நான் பல் குத்தும் குச்சியை வைத்துக்கொண்டு அதைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காய்ந்த சந்தனமும் மோட்டார்ச் சூடும் வியர்வையும் கலந்த ஒரு வாடை வரும். அதற்கப்புறம் மத்தியானச் சோறு இறங்காது.

இதாவது வருஷத்துக்கு ஒரு முறை. மற்ற நாட்களில் வருவதையும் சொல்கிறேன். ஒருவர் கண் படக்கூடாது என்று எலுமிச்சம்பழத்தை நூலில் கட்டி ட்ரோன் காலில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். இன்னொருவர் திசைகாட்டியைச் சரிசெய்கிறேன் என்று டிராக்டர் பானெட் மேல் வைத்துச் சுற்றியிருக்கிறார். அத்தனை இரும்புக்கு மேல் வைத்தால் அதற்கு வடக்கு எது, தெற்கு எது? நடவு முடிந்து தண்ணீர் கட்டி நிற்கிற வயலுக்கு மேல் ஆளுயரத்தில் பறக்கவிட்டு, ஆடுகிறது ஆடுகிறது என்று எடுத்து வருகிறவர்கள் தனி. கீழே தெரிவது வானமும் மேகமுமாக இருந்தால் பாவம் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? சொன்னால் தலையை ஆட்டுவார்கள். அடுத்த மாதம் அதே வயல், அதே புகார்.

இப்படி ஊரையே அருவருப்பாகப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடமும் ஒரு பழக்கம் உண்டு. நாங்கள் கத்தோலிக்கர்கள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் திருவிழாவில் மந்திரித்த எண்ணெய் ஒரு சின்னப் புட்டியில் இருக்கும். தீர்ந்தால் என் மனைவி நிரப்பி வைப்பாள். பழுது பார்த்த எதையும் திருப்பிக் கொடுக்கும் முன், கட்டைவிரலை அதில் தொட்டு ஒரு சிலுவை போட்டுவிடுவேன். செல்போன் காலத்திலிருந்தே அப்படித்தான். ட்ரோன்களுக்கு முதலில் முதுகில் போட்டேன். அதில் தூசி ஒட்டிக்கொண்டு அசிங்கமாகத் தெரிகிறது என்று ஒரு போட்டோகிராபர் முகம் சுளித்தார். அன்றிலிருந்து யார் கண்ணிலும் படாத மாதிரி வயிற்றுப் பக்கம் போட ஆரம்பித்தேன்.

அந்தப் பெண் வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர்கள். இவள் படித்துவிட்டு, கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு, ட்ரோனும் வாங்கிவிட்டாள். அந்தச் சுற்று வட்டாரத்தில் கல்யாண வீட்டில் ட்ரோன் விடுகிற பெண் அவள் ஒருத்திதான். அதனாலேயே அவள் கை கொஞ்சம் ஆடினாலும் பேசுவதற்கு நாலு பேர் காத்திருந்தார்கள்.

முதல் தடவை அவள் வந்தது ஆயுத பூஜை வாரத்தில். மல்லாத்திப் பார்த்தேன். குழிக்குழியாகச் சந்தனம். படித்த பிள்ளை செய்கிற வேலையா இது என்று கேட்டேன். அம்மா வைத்துவிட்டார்கள் என்றாள். வேறு வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே இன்னும் நாலு வார்த்தை சொன்னேன். சுரண்டித் துடைத்து, சென்சார்களைச் சரிபார்த்து, பள்ளி மைதானத்தில் ஏற்றிக் காட்டினேன். ஆணி அடித்ததுபோல நின்றது. கொடுக்கும் முன் வழக்கம்போல வயிற்றில் சிலுவை போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த முகூர்த்தத்தில் நன்னிலத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் தாலி கட்டுகிற நேரம், மேளம் உச்சத்தில் இருக்கும்போது, ட்ரோன் தானாக ஒரு பக்கமாக நகர்ந்து, மணவறைப் பூச்சரத்தை அறுத்துக்கொண்டு அட்சதைத் தட்டில் விழுந்திருக்கிறது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அட்சதைத் தட்டு கவிழ்ந்தால் நம் ஊரில் சும்மா விடுவார்களா? அபசகுனம் என்று ஒரு பெரியம்மா அழ ஆரம்பித்திருக்கிறார். கல்யாணப் பெண்ணின் அப்பா இவளைப் பந்தியில் உட்காரக்கூட விடாமல் அனுப்பிவிட்டார்.

மறுநாள் அவரே என் கடைக்குப் போன் செய்தார். கோளாறு மெஷினிலா, ஓட்டின பெண்ணிடமா என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, நான்தான் பார்த்துக் கொடுத்தேன், ஓட்டுகிறவர்கள் கையில்தான் இருக்கிறது என்றேன். சொல்லிவிட்டு டீ குடித்தேன்.

அவள் இரண்டாம் தடவை வந்தாள். பொட்டு எதுவும் வைக்கவில்லை, இங்கிருந்து வாங்கிப்போய்ப் பெட்டியில் வைத்ததோடு சரி என்றாள். வயிற்றில் மினுமினுவென்று ஏதோ இழுசியிருந்தது. கல்யாண வீட்டில் நெய்ச்சோறு தின்ற கையோடு தொட்டிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அதைச் சொல்லவும் செய்தேன். அவள் காதோரம் சிவந்தது. துடைத்தேன், மைதானத்தில் ஏற்றினேன், நின்றது. மறுபடியும் புட்டியைத் திறந்தேன், மறுபடியும் சிலுவை போட்டேன். அவளும் வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் தடவை வந்தபோது அவள் கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்றே பேசினாள். நன்னிலத்துக்காரரின் இரண்டாவது மகளுக்கும் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. அந்த வேலையும் முதலில் இவளுக்கே சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்கப் போனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது போனால் இன்னும் நாலு வீட்டு வேலையும் சேர்ந்து போகும். ஊரில் வீடியோக்காரர்கள் அவளுக்குக் கை நடுக்கம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். இத்தனையையும் அழாமல்தான் சொன்னாள்.

"மைதானத்துல நிக்குதுண்ணே. அது எனக்கும் தெரியும். கூரைக்குள்ள விட்டுக் காட்டுங்க," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. திறந்த வெளியில் உயர ஏற்றினால் ஜிபிஎஸ் அதைப் பிடித்து நிறுத்திவிடும். கூரைக்குள் போனால் வயிற்றுக் கேமராவை மட்டும்தான் அது நம்ப வேண்டும். இது தெரியாதவன் இல்லை நான். மைதானம் கடைக்கு எதிரிலேயே இருக்கிறது, அவ்வளவுதான். சோம்பேறித்தனத்துக்கு வேறு பெயர் கிடையாது.

திருவிழாக் கமிட்டியில் இருப்பதால் எங்கள் கோயில் சமூகக் கூடத்தின் சாவி என்னிடம் இருந்தது. அங்கே போனோம். அவள்தான் ஏற்றினாள். ட்ரோன் இடுப்புயரத்தில் எழும்பியது. ரிமோட்டை அவள் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அது மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது. கொஞ்சம் வட்டமடித்தது. பிறகு குடித்தவன்போல ஆடி ஆடிச் சுவரை நோக்கிப் போனது. அவள் ஓடிப்போய் இரண்டு கையாலும் அதைப் பிடித்து அணைத்தாள்.

தரை வழவழப்பாக இருக்கிறது, அதனால்தான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் ட்ரோனை மல்லாத்தி, செல்போன் டார்ச்சை அடித்தாள். கேமராக் கண்ணாடி இரண்டிலும் எண்ணெய். மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. கோட்டின் முனையில் கட்டைவிரல் ரேகை, ஆதார் எடுக்கிற இடத்தில் வைத்ததுபோல அவ்வளவு தெளிவாக இருந்தது. அவள் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"அம்மா பொட்டு வச்சதுக்கு அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னாடி ஏசினீங்களே அண்ணே. இதை வச்சது யாரு?"

வருஷக்கணக்காக மற்றவர்கள் அழுக்கைச் சுரண்டி மூக்கைச் சுளித்தவன் நான். என் எண்ணெயை மட்டும் ஒரு நாளும் அழுக்கென்று நினைத்ததில்லை. வயிற்றில் சிலுவை போட ஆரம்பித்த பிறகு, பார்த்துக் கொடுத்தவையே ஒரு வாரத்தில் திரும்பி வந்ததும், ஒவ்வொருவரையும் நான் ஏசி அனுப்பியதும் வரிசையாக ஞாபகம் வந்தன. என் கட்டைவிரலே எனக்கு அருவருப்பாக இருந்தது.

கண்ணாடித் துணியால் துடைத்தேன். மறுபடி ஏற்றினாள். அதே கூடம், அதே தரை. ரிமோட்டைத் தொடாமல் ஐந்து நிமிஷம் விட்டாள். அது இருந்த இடத்தை விட்டு விரற்கடைகூட அசையவில்லை.

நன்னிலத்துக்காரருக்குப் போன் போடச் சொன்னாள். அவள் எதிரிலேயே போட்டேன். மெஷினில் ஒரு சின்னக் கோளாறு இருந்தது, இப்போது சரியாகிவிட்டது, அந்தப் பெண் மேல் தப்பில்லை என்றேன். அவர் சரி சரி என்று வைத்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது.

"மெஷினு மேல பழியைப் போட்டுட்டீங்க," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை.

திரும்பவும் போன் போட்டேன். தப்பு என்னுடையது, நான் எண்ணெய் தடவிக் கொடுத்ததால்தான் அன்றைக்கு அது விழுந்தது, பிறகு நீங்கள் கேட்டபோதும் பார்க்காமல் அந்தப் பிள்ளை மேல் பழியைப் போட்டேன் என்று சொன்னேன். அவர் மரியாதையாகவே பேசினார்.

"இப்ப சொல்லி என்னங்க செய்யறது? முந்தாநாள்தான் வேற வீடியோக்காரருக்குத் தாம்பூலம் வச்சு முன்பணம் குடுத்துட்டோம். நீங்க சொன்னதை நம்பித்தானுங்க ஆளை மாத்தினோம்."

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். அவளும் கேட்டாள். இறக்கைகளை மடித்தாள், பேட்டரியைக் கழற்றினாள். என்னம்மா, நான் வேண்டுமானால் மற்ற வீடுகளுக்கும் பேசுகிறேன் என்றேன். பேசுங்க என்றாள்.

ட்ரோனைக் கடைசியாக என் கையில் வாங்கி, கீறல் ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினேன். எண்ணெய்ப் புட்டி கடையில் இருந்தது. என் கையில் ஒன்றுமே இல்லை. இருந்தும் அவள் கூடத்து வாசல் வெளிச்சத்தில் நின்று, துப்பட்டா முனையால் அதன் வயிற்றை அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் பெட்டியில் வைத்தாள்.