ஐந்து வெள்ளைச் சட்டைகளும் ஒரு பித்தளை வளையமும்

போன வியாழக்கிழமை காலை ரெஜினாவின் தையல் மெஷின் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. ரெஜினா என் மனைவி. மன்னாரில் எங்கள் வீதியில் பாதிப் பேருக்கு அவள்தான் தைத்துக் கொடுக்கிறாள்.

நின்ற நேரத்தைப் பாருங்கள்! ஞாயிறு கோயிலில் பிள்ளைகளுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஐந்து வெள்ளைச் சட்டைகள் வெட்டியபடி கிடக்கின்றன. வெட்டிய துணியை இன்னொருவரிடம் கொடுக்க முடியுமா? தாய்மார் ஒருவர் மாறி ஒருவர் போன் எடுக்கிறார்கள்...

திறந்து பார்த்தேன். அச்சைத் தாங்கும் பித்தளை புஷ் — மோதிரம் அளவு வளையம் — தேய்ந்து வெடித்திருந்தது. பழைய மெஷின், டவுனில் எந்தக் கடையிலும் இல்லை.

"நான் கடைஞ்சு தாறன்" என்றேன். பின் அறையில் என் குட்டி லேத், கடைசல் மெஷின், இருக்கிற தைரியம்!

பித்தளைக் கம்பியில் துளை போட்டாயிற்று. அளவும் வந்தாயிற்று. கடைசி வேலை, வளையத்தைக் கம்பியிலிருந்து வெட்டிப் பிரிப்பது. அங்கேதான் வந்தது வினை.

வெட்டிப் பிரிக்கிற மெல்லிய கத்தி, பார்ட்டிங் பிளேட், பித்தளையைத் தொட்டதும் லேத் முழுவதும் அலறியது. டக்! பிளேட் முறிந்தது, வளையமும் பழுது. பிளேட்டின் உயரத்தைச் சரிபார்த்தேன். வேகத்தைக் குறைத்தேன். மறுபடியும் டக். இப்போது மிச்சம் ஒரே ஒரு பிளேட், ஒரு வளையத்துக்குப் போதுமான பித்தளை.

எண்ணெய்க் குப்பியோடு பக்கத்தில் நின்ற ரெஜினா சொன்னாள்: "இஞ்சேருங்கோ, உங்கடை மெஷின் ஆடுது."

"உமக்கு லேத்தைப் பற்றி என்ன தெரியும்?"

"லேத் தெரியாது. மேசை ஆடினால் ஊசி முறியும் எண்டு தெரியும். நான் ஊசியை ஏசுறேல்லை, மேசைக் காலைத்தான் பார்க்கிறனான்."

கோபத்தோடு குனிந்தேன். வெட்கத்தோடு நிமிர்ந்தேன். உப்புக்காற்று ஈரத்தில் அடி துருப்பிடிக்கும் என்று பயந்து, பழைய லொறி டியூபை வெட்டி லேத்தின் நாலு காலுக்கும் கீழே வைத்த மேதாவி நானேதான்!

ரப்பரை எடுத்தேன். போல்ட்டுகளை இறுக்கினேன்.

"இந்தக் கத்தி ஏன் இவ்வளவு நீட்டுக்கு வெளியாலை நிக்குது?"

பிளேட்டை உள்ளே தள்ளிக் குட்டையாக்கினேன். மிச்சம் இருந்தது இந்த ஒரு பிளேட்தான். ஆனால் பயந்து பயந்து தொட்டால் பிளேட் உராயுமே தவிர வெட்டாது. மடு மாதாவை நினைத்துக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே சீராகத் தள்ளினேன். பித்தளைத் தூள் பொலபொலவென்று கொட்டியது. வளையம் அலுங்காமல் தட்டில் விழுந்தது. அன்றே தையல் மெஷினில் பொருத்தினேன், ஓடியது.

முறிந்ததை ஏச யாராலும் முடியும். அது எதன் மேல் நிற்கிறது என்று பார்க்கச் சொல்ல வீட்டில் ஒருவர் இருப்பது பெரிய பாக்கியம். எனக்கு அது வாய்த்திருக்கிறது.

ஞாயிறு பூசைக்கு ஐந்து பிள்ளைகளும் புதுச் சட்டையோடு போனார்கள். அதற்கு முன், வெள்ளி முழுக்கத் தைத்துக்கொண்டிருந்தவளிடம் நன்றி சொல்ல வாய் திறந்தேன். அவள் தலை நிமிரவில்லை.

"பேந்து சொல்லுங்கோ. இன்னும் ரெண்டு சட்டை கிடக்கு."

நீர் பிறகு சொல்லச் சொன்ன அந்தப் 'பேந்து' இதுதான், ரெஜினா. நன்றி.